விக்டோரியா ஏரியில் கொடுவாவின் பங்காளி

வாசகர் கேள்வி: 'எங்கள் ஊர் ஏரியை நாலு பேர் சேர்ந்து மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். கட்லா, ரோகு விட்டால் எடைக்கு வரப் பத்து மாதம் ஆகிறது. அதற்குள் தண்ணீர் வற்றிவிடுகிறது. வெளிநாட்டு ரகம் ஒன்று இருக்கிறது, ஆறே மாதத்தில் ஒரு கிலோ வரும், எதைப் போட்டாலும் தின்னும், தண்ணீர் கெட்டாலும் சாகாது என்று குஞ்சு வியாபாரி ஒருவர் சொல்கிறார். முதலில் இரண்டாயிரம் குஞ்சு விட்டுப் பார்க்கலாமா?'

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், 'வேண்டாம்.' ஆனால், ஏன் வேண்டாம் என்பது ஒரு சொல்லில் அடங்காது. இதே கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பு வேறு ஒரு கரையில் கேட்டார்கள். 'விட்டுப் பார்க்கலாம்' என்று முடிவெடுத்து, விட்டும் பார்த்தார்கள். அதனால் என்ன ஆனது என்பதை அறிய, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் விக்டோரியா ஏரியில் ஒரு மீன்பிடிப் படகோடு ஒரு நாள் போய்வந்தால் போதும்.

இருட்டில் கிளம்பும் படகு

ஏரி என்றதும் கரை, மதகு, கலங்கல் எல்லாம் நம் நினைவுக்கு வரும். விக்டோரியா ஏரியை அப்படி நினைக்கக் கூடாது. அதன் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் பாதிக்கும் அதிகம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இந்த ஏரியின் சராசரி ஆழமே சுமார் 130 அடி. அவ்வளவு தண்ணீரும் ஏலகிரி மலை உயரத்தில் நிற்கிறது. தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகள் ஏரியைப் பங்கு போட்டிருக்கின்றன. உகாண்டாவின் ஜிஞ்சா என்ற ஊரில் ஏரி வழிந்து, நைல் நதியாக வடக்கே புறப்படுகிறது. காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை 1948-ல் கரைத்தது அந்த இடத்தில்தான்.

உகாண்டா பக்கம் இருக்கும் செசே தீவுகளில், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே படகுத்துறை விழித்துக்கொள்ளும். பலகை அடித்துச் செய்த நீளமான மரப்படகுகள், பின்பக்கம் ஒரு வெளி இன்ஜின். ஒரு படகுக்கு மூன்று பேர் அல்லது நான்கு பேர். ஒருவர் இன்ஜினைப் பார்த்துக்கொள்வார். இருவர் வலை இழுப்பார்கள். மற்றவர், பலகை இடுக்கில் கசியும் தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டே இருப்பார். படகும் வலையும் பெரும்பாலும் வேறொருவருடையவை. இவர்களுக்குப் பிடிபடும் மீனில்தான் பங்கு. மீன் இல்லாவிட்டால் பங்கும் இல்லை. பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

போகும் வழியில் ஏரி நடுவே ஓர் ஊர் எரிவதைப்போல வரிசையாக விளக்குகள் தெரியும். அவை 'முக்கேனே' என்ற நெத்திலி அளவுச் சிறுமீன் பிடிக்கும் படகுகள். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் விளக்கைக் காட்டி மீனை மேலே வரவழைத்து, சிறுகண்ணி வலையால் அள்ளுவார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. விடியும் நேரத்தில் அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். அவர்களுக்கு வேலை முடியும்போது, பெரிய மீன் படகுக்கு வேலை தொடங்குகிறது.

பூமத்திய ரேகை இந்த ஏரியின் வழியாகப் போகிறது. அதனால் வருடம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். அங்குள்ள மக்கள் மணியைக்கூட விடியலிலிருந்துதான் எண்ணுவார்கள். நம் கடிகாரத்தில் காலை ஏழு என்றால் அவர்களுக்கு அது 'ஒரு மணி'. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

வலை ஏறுகிறது

முந்தைய மாலை போட்ட வலையைத்தான் இப்போது எடுக்க வேண்டும். மிதவையாகக் கட்டிய பிளாஸ்டிக் கேனை முதலில் தேடுவார்கள். இரவில் காற்று வலையை இழுத்துப் போயிருக்கும். யாராவது திருடியும் போயிருக்கலாம். இந்த ஏரியில் வலைத் திருட்டு சாதாரணம். கேன் கண்ணில் பட்ட பிறகுதான் படகில் பேச்சே கிளம்பும்.

பல வலைகளை ஒன்றோடு ஒன்று கோத்து, கிலோமீட்டர் கணக்கில் விட்டிருப்பார்கள். இழுப்பதற்கு இயந்திரம் கிடையாது, கைதான். ஈர நைலான் உள்ளங்கையை அறுக்கும். முதல் அரை மணி நேரம் வெறும் வலை வரலாம். பிறகு கயிறு கனக்கும். தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக ஒன்று புரளும். நீலம் ஓடிய வெள்ளி உடல், பெரிய வாய், கருங்கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று மஞ்சள் வளையம். இதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். உகாண்டாவில் இதற்கு 'ம்புத்தா' என்று பெயர். தான்சானியாவில் 'சங்காரா.' உலகச் சந்தையில் 'நைல் பெர்ச்.'

நம் கடற்கரை வாசகர்கள் இந்த மீனைப் பார்த்தால் 'இது கொடுவா' என்று சொல்லிவிடுவார்கள். அது பெரிய தவறும் இல்லை. கொடுவாவும் நைல் பெர்ச்சும் 'லேட்டஸ்' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; சொந்தப் பங்காளிகள். பழவேற்காடு முதல் தூத்துக்குடி வரை நம் கடலோரத்துக்குச் சொந்தமான மீன் கொடுவா. கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய்வந்து வாழும். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அதன் குஞ்சு உற்பத்திக்கு வழி கண்டு, உவர்நீர்க் குளங்களில் பலர் வளர்க்கிறார்கள். வாரம் ஒருமுறை குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்பது கொடுவா வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பங்காளியின் குணமும் அதுவே. உருவம்தான் பல மடங்கு பெரியது. நைல் பெர்ச் ஆள் உயரத்துக்கு மேல், 200 கிலோ வரைகூட வளரக்கூடியது.

ஆனால் இன்றைய வலையில் அப்படிப்பட்ட மீன்கள் அபூர்வம். பத்து மீன் வந்தால், அதில் பாதி முழங்கை நீளம்கூட இருக்காது. 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த நைல் பெர்ச்சைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவுக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாதவை. கண்ணி சிறுத்த வலை, கரைவலை, தங்கூசி வலை எல்லாவற்றுக்கும் தடை உண்டு. விதியை நடைமுறைப்படுத்த 2017-ல் உகாண்டா அரசு ராணுவத்தையே ஏரியில் இறக்கியது. ராணுவம் வந்ததில் மீன் கொஞ்சம் கூடியது என்கிறவர்களும் இருக்கிறார்கள். படகையும் வலையையும் எரித்ததில் பிழைப்பு போனது என்கிறவர்களும் இருக்கிறார்கள். வலையில் செத்துக் கிடக்கும் ஓர் அடி மீனைக் கையில் வைத்திருப்பவருக்குச் சட்டமும் தெரியும், வீட்டில் அரிசிப் பானை காலியாக இருப்பதும் தெரியும். அந்த மீன் பலகைக்கு அடியில் மறைந்து கரைக்குப் போவதும் உண்டு.

பங்காளி குடிவந்த கதை

இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கும் இந்த மீன் இந்த ஏரியின் மீனே இல்லை.

நைல் நதியிலும், ஆல்பர்ட் ஏரியிலும், துர்க்கானா ஏரியிலும் அது காலங்காலமாக உண்டு. ஆனால் விக்டோரியா ஏரிக்கு ஏறிவர அதனால் முடியவில்லை. நடுவே மர்ச்சிசன் அருவி தடுத்தது. அருவிக்கு மேலே, ஏரிக்குள், வேறொரு உலகம் இருந்தது. விரல் நீளமும் சாண் நீளமுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனச் சிறுமீன்கள். உகாண்டாவில் அவற்றை 'ன்கெஜ்ஜே' என்றும், தான்சானியா பக்கம் 'ஃபுரு' என்றும் அழைப்பார்கள். பாசி தின்பது ஒன்று, நத்தை உடைப்பது ஒன்று, பூச்சிப்புழு பொறுக்குவது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. நம் ஜிலேபி மீனைப்போல முட்டையை வாயில் வைத்துக் குஞ்சு காக்கும் தாய்கள் அவை. ஏரியின் மொத்த மீன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு அவைதான்.

ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரிகள் சிலர் கண்ணுக்கு இந்தச் சிறுமீன்கள் 'உதவாத முள் மீன்'களாகத் தெரிந்தன. பெரிய மீன் ஒன்றை விட்டால், அது இந்தக் குப்பை மீனைத் தின்று நல்ல சதை மீனாக மாற்றித் தரும் என்று கணக்குப் போட்டார்கள். தூண்டில் போட்டு விளையாடும் வெள்ளைக்காரர்களுக்கும் பெரிய மீன் தேவைப்பட்டது. எதிர்ப்பும் இருந்தது. ஜெஃப்ரி ஃபிரையர் என்ற மீனியல் ஆய்வாளர், இதை விட வேண்டாம் என்று 1960-லேயே எச்சரித்து எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, 1950-களின் நடுவில், சத்தமில்லாமல் மீன் ஏரிக்குள் போயிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் வெளிப்படையாகவே மேலும் விட்டார்கள்.

சுமார் இருபது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 'பயந்தது வீண்' என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். 1980-களில் திடீரென்று வலை முழுக்க நைல் பெர்ச். அதே வேகத்தில் சிறுமீன்கள் காணாமல் போயின. சுமார் இருநூறு இனங்கள் அடியோடு அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. சிறுமீன் தீர்ந்ததும் நைல் பெர்ச் கூனி இறால்களைத் தின்றது, தன் குஞ்சுகளையே தின்றது. மனிதக் கண்முன்னால், ஒரு தலைமுறைக்குள் நடந்த மிகப் பெரிய உயிரின அழிவுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

எல்லாப் பழியையும் இந்த ஒரு மீன் தலையிலேயே கட்டிவிட முடியாது. காடு அழிந்து, வயல் மண்ணும் உரச்சத்தும் ஏரிக்குள் வந்ததால் பாசி பெருகியது. அடித்தண்ணீரில் மூச்சுக்காற்று குறைந்தது. 1990-களில் ஆகாயத்தாமரை வளைகுடாக்களை மூடி, படகுகள் கரையிலேயே சிறைப்பட்டன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியைக் கட்டுப்படுத்த, அதன் சொந்த ஊர்க் கூன்வண்டையே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. செடிக்காவது ஒரு வண்டு கிடைத்தது. மீனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

கரையில் தராசு

காலை ஒன்பது, பத்து மணிக்குப் படகு துறைக்கு வந்துவிடும். மீன் நேராகத் தராசுக்குப் போகும். பெரிய மீனுக்கு ஒரு விலை, சின்னதுக்கு ஒரு விலை. பனிக்கட்டிப் பெட்டியோடு காத்திருக்கும் ஏஜென்ட், நல்ல மீனைத் தொழிற்சாலைக்கு எடுத்துவிடுவார். அங்கே தோலுரித்து, முள் நீக்கி, சதைத் துண்டுகளாக ஐரோப்பாவுக்கு விமானம் ஏறும்.

இதில் லாபமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இந்த மீனால் சாலை வந்தது, ஐஸ் தொழிற்சாலை வந்தது, மூன்று நாடுகளுக்கும் அந்நியச் செலாவணி வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்றும் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் விலை, ஏரிக்கரையில் இருப்பவர் கையில் இல்லை. 1990-களின் பிற்பாதியில், சுகாதாரக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் மூன்று முறை இறக்குமதியைத் தடுத்தது. அப்போதெல்லாம் துறையில் மீன் வாங்க ஆளில்லை. ஒரே பயிரை நட்டு, ஒரே வியாபாரியை நம்பியிருக்கும் விவசாயிக்கு இந்த வலி தெரியும்.

மீனின் காற்றுப்பைக்குத் தனி வியாபாரம். நம் கடற்கரையில் கூறல் மீனின் காற்றுப்பைக்கு இருக்கும் அதே கிராக்கி. ஹாங்காங், சீனா வரை போகும். எடைக்கு எடை பார்த்தால் சதையைவிடப் பல மடங்கு விலை. அதனால் மீனைக் கையில் தூக்கும்போதே, உள்ளே இருக்கும் பையைத்தான் வியாபாரியின் மனசு எடைபோடும்.

சதை விமானத்தில் போன பிறகு, தலையும் நடுமுள்ளும் வாலும் மிஞ்சும். கென்யா பக்கம் அதை 'ம்கோங்கோ வாசி' என்பார்கள். திறந்த முதுகு என்று அர்த்தம். ஏரிக்கரைப் பெண்கள் அதைக் கூடையில் வாங்கிவந்து, எண்ணெயில் பொரித்து, தெருவோரத்தில் விற்பார்கள். முள்ளில் ஒட்டிய சதையைச் சுரண்டித் தின்பது, மீன் பிடித்த ஊரின் குழந்தை.

முன்பு அந்தப் பெண்களுக்கு வேறு தொழில் இருந்தது. சிறுமீனை வாங்கி, வெயிலில் காயவைத்து, சந்தையில் விற்பார்கள். அதற்கு வெயிலும் ஒரு பாயும் போதும். நைல் பெர்ச் கொழுப்பு மீன். வெயிலில் காயாது, புகை போட வேண்டும். புகைக்கு விறகு வேண்டும். விறகுக்குக் கரையோர மரங்கள் விழுந்தன. மரம் விழுந்த மேட்டிலிருந்து மழையில் மண் கரைந்து மறுபடியும் ஏரிக்கே வந்தது. ஒரு மீனை மாற்றியதில் அடுப்பு மாறியது, காடு மாறியது, யார் கையில் காசு புழங்குகிறது என்பதும் மாறியது.

மாலையில் இரை

மதியம் ஓய்வு என்று பெயர்தான். மரநிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்க வேண்டும். மக்காச்சோள மாவுக் களியும் மீன் குழம்பும்தான் சாப்பாடு. நாலு மணிக்கு மறுபடி ஏரி. வலை இல்லாதவர்கள் தூண்டில் போடுவார்கள். ஒரு நீளமான கயிறு, அதில் வரிசையாகக் கிளைக்கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு முள். நூற்றுக்கணக்கான முள்ளிலும் ஒவ்வொன்றாக உயிர் இரை மாட்ட வேண்டும்.

அந்த இரை என்ன தெரியுமா? பெரும்பாலும் கெளுத்திக் குஞ்சு. நம்மூரில் 'ஆப்பிரிக்கன் கெளுத்தி' என்று சொல்கிறோமே, அதே மீன். விக்டோரியா ஏரி அதற்குத் தாய்வீடு. அந்தக் குஞ்சுகளைக் குட்டையில் பொரிக்கவைத்து, தூண்டில்காரர்களுக்கு இரைக்காக விற்றே பிழைக்கும் விவசாயிகள் உகாண்டாவிலும் கென்யாவிலும் இருக்கிறார்கள். அங்கே அது சொந்த மண்ணின் மீன். அதைத் தின்னும் முதலையும் நீர்நாயும் பறவையும் அங்கே உண்டு. அதன் குணம் தெரிந்த மற்ற மீன்களும் உண்டு. யாருக்கும் தொல்லை இல்லை.

அதே மீன் கடல் தாண்டி நம் குளத்துக்கு வந்தபோது, விக்டோரியா ஏரிக்கு நைல் பெர்ச் எப்படியோ, நமக்கு அது அப்படி ஆகிவிட்டது. கெண்டையோ கெளுத்தியோ, அதனதன் ஊரில் எந்த மீனும் நல்ல மீன்தான். ஊர் மாற்றி விட்டவர்கள் மனிதர்கள்.

இருட்டத் தொடங்கும்போது தூண்டில் கயிறு தண்ணீருக்குள் போய்விடும். தெற்கே மின்னல் வெட்டினால் யாரும் தாமதிக்க மாட்டார்கள். இந்த ஏரியில் இரவு இடிமழை பொல்லாதது. நிமிடத்தில் அலை எழும்பிப் படகைக் கவிழ்க்கும். மிதவைச் சட்டை இல்லாமல் போய்த் திரும்பாதவர்கள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. படகு கரை சேர்ந்ததும் ஒரு நாள் முடிகிறது. வருமானம், எரிபொருள் கழித்து, படகுக்காரர் பங்கு கழித்து, மீதி நாலு பேருக்கு.

நம்மூர் ஏரிக்கு வருவோம்

இப்போது வாசகரின் கேள்விக்குத் திரும்பலாம். 'ஆறு மாதத்தில் ஒரு கிலோ, எதையும் தின்னும், தண்ணீர் கெட்டாலும் சாகாது' என்று வியாபாரி சொன்ன மூன்று பெருமைகளும் ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு அப்படியே பொருந்துகின்றன. அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். அதிகாரிகள் கண்டுபிடித்தால் குளத்தையே காலி செய்து மீனை அழித்துவிடுவார்கள். குத்தகைப் பணமும் போகும், கெட்ட பெயரும் மிஞ்சும். வேறு பெயர் சொல்லிக் குஞ்சு கொடுத்தாலும், எந்த இனம் என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எந்தப் புது மீன் விடுவதாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அது என்ன தின்னும்? பாசி, நுண்ணுயிர், மக்கிய இலைதழை தின்பதா, பிற மீனைத் தின்பதா? இரண்டாவது, ஏரியிலேயே முட்டையிட்டுப் பெருகுமா? கட்லா, ரோகு, மிருகால்கூட நம் ஊர் மீன்கள் அல்ல; கங்கைப் படுகையிலிருந்து வந்தவை. ஆனால் தேங்கிய தண்ணீரில் அவை முட்டையிடுவதில்லை; ஓடும் வெள்ளம் வேண்டும். அதனால் குத்தகை முடிந்து வலை போட்டால் அந்தக் கணக்கும் முடிந்துவிடும். 1952-ல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபி மீன் அப்படியல்ல. குளத்திலேயே பெருகிப் பெருகி, கையகலத்தில் தேங்கி, மற்ற மீனின் தீவனத்தையும் தின்று தீர்க்கிறது. இப்போது பேசப்படும் கிஃப்ட் திலேப்பியாவைக்கூட அனுமதியும் பாதுகாப்பும் உள்ள பண்ணைக் குட்டையில்தான் வளர்க்க வேண்டும். பொது ஏரிக்கு அது ஆகாது.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நம் ஏரிகள் சங்கிலி போலக் கோத்தவை. மேல் ஏரி வழிந்து கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்த ஊருக்கு, கடைசியில் ஆற்றுக்கு. இரண்டாயிரம் குஞ்சில் பத்து தப்பினால் போதும். அதிலும் ஆப்பிரிக்கன் கெளுத்தி காற்றை மூச்சுவிடக் கூடியது. மழை இரவில் ஈரத்தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். குத்தகை மூன்று வருடத்தில் முடியும். விட்ட மீனுக்குக் கெடு கிடையாது.

சரி, தண்ணீர் நிற்கும் காலம் குறைவு என்ற உண்மையான பிரச்னைக்கு என்ன வழி? வேகமாக வளரும் ரகத்தைத் தேடுவதற்குப் பதில், பெரிய குஞ்சாக விடுவதுதான் வழி. நுண்குஞ்சாகவோ இளங்குஞ்சாகவோ ஏரியில் விட்டால், முதல் இரண்டு மூன்று மாதம் வளரும் முன்பே பாதி வீணாகும். அதை முன்கூட்டியே வாங்கி, கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு சிறிய நாற்றங்கால் குட்டையில் நெருக்கமாக வைத்து வளர்க்க வேண்டும். பாதி வயிறாக வளர்ந்து நிற்கும் அந்தக் குஞ்சுகளை மழை வந்து ஏரி நிரம்பியதும் விட்டால், தடைபட்டு நின்ற வளர்ச்சியெல்லாம் சேர்த்து வேகமாக ஏறும். நெல்லுக்கு நாற்று விட்டு நடுகிற அதே கணக்குதான். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் மேல், நடு, அடி என்று தனித்தனி மட்டத்தில் தீவனம் எடுப்பதால், கலந்து விடுவதே லாபம். ஒரு ஏரிக்கு எத்தனை குஞ்சு என்பது தண்ணீர்ப் பரப்பையும் ஆழத்தையும் பொறுத்தது. அரசு மீன் பண்ணையில் குஞ்சு வாங்கும்போதே, ஏரியின் அளவைச் சொல்லிக் கேட்டால் கணக்குப் போட்டுத் தருவார்கள்.

வலையின் கண்ணியைச் சிறிதாக்காதீர்கள். விக்டோரியா ஏரியில் ராணுவம் வந்து சொன்னதை, இங்கே குத்தகைதாரர் நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. செசே தீவுகளில் ஒரு காலத்தில் காய்ந்த ன்கெஜ்ஜே மீனை இடித்துப் பொடியாக்கி, பால் மறக்கும் குழந்தைக்குக் கஞ்சியில் கலந்து கொடுப்பார்கள். அந்த மீன்கள் அருகிப்போன பிறகுதான் 'உதவாத முள் மீன்' யாருக்கு உதவியது என்பது தெரிந்தது. கடந்த சில பத்தாண்டுகளில், நைல் பெர்ச்சை அதிகமாகப் பிடித்துக் குறைத்த இடங்களில், சில சிறுமீன் இனங்கள் மெல்லத் திரும்பியிருக்கின்றன. அழிந்துபோன இனங்கள் மட்டும் திரும்பவில்லை.

நம் ஏரியிலும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. அயிரை, குறவை, ஆரால், உளுவை, நாட்டுக் கெளுத்தி, சின்னக் கெண்டை. யாரும் குஞ்சு வாங்கி விடாதவை. குத்தகைக் கணக்கில் வராதவை. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது ஊத்தாவும் கூடையுமாக ஊரே இறங்கி அள்ளிப்போவது அவற்றைத்தான். அன்று இரவு, நிலம் இல்லாதவர் வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். அந்தக் குழம்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு, குஞ்சு வியாபாரிக்குப் பதில் சொல்லுங்கள்.